என்ன லோடு ஓடின வண்டி?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கிற தொழில்களில் என்னுடையதும் ஒன்று. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் வெண்டையும் ஏற்றி வருகிற பிக்கப்களும், இங்கிருந்து கேரளாவுக்குப் போகிற வண்டிகளும்தான் என் ஒர்க்‌ஷாப்புக்குச் சோறு போடுகின்றன. ரிப்பேர் வேலையோடு இன்னொரு வேலையும் காலப்போக்கில் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிருங்க" என்று கூட்டிப் போவார்கள். வண்டி படிந்தாலும் படியாவிட்டாலும் எனக்கு ஒரே கூலிதான். விற்கிறவரிடமோ புரோக்கரிடமோ ஒரு ரூபாய் வாங்குவதில்லை. இரண்டு பக்கமும் கை நீட்டுகிறவனுக்கு வண்டியின் அடியில் படுத்தால் எதுவும் கண்ணில் படாது.

கார் வாங்குவதும் பிக்கப் வாங்குவதும் ஒன்றல்ல. கார் நின்றுபோனால் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். பிக்கப் வாங்குகிறவர் பெரும்பாலும் நேற்றுவரை அடுத்தவர் வண்டியில் டிரைவராக இருந்தவர். சம்சாரத்தின் நகையை அடகு வைத்துக் கொஞ்சம் புரட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு வருகிறார். வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும், டியூ தேதி மட்டும் தள்ளிப் போகாது. வாங்கிய ஆறே மாதத்தில் வண்டியையும் இழந்து, நகையையும் மீட்க முடியாமல், பழைய முதலாளியிடமே திரும்பிப் போய் ஸ்டியரிங் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வாங்க வருகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரை. நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். மீட்டரைத் திருப்பி வைத்துத் தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. யாரும் கை வைக்காத மீட்டராகவே இருந்தாலும் அது சொல்வது தூரத்தை மட்டும்தான். முட்டை ஏற்றி 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியும் செங்கல் ஏற்றி 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியும் மீட்டரில் ஒன்றுபோலத்தான் தெரியும். அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு இன்னும் எட்டு வருஷம் ஆயுள் இருக்கும், மற்றதைக் காயலான் கடைக்காரர்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே நான் கேட்கிற முதல் கேள்வி, "என்ன லோடு ஓடின வண்டி?" என்பது. அதற்கு வருகிற பதிலை நம்பிவிடுவதும் இல்லை. வண்டியிடமே அதைக் கேட்டுச் சரிபார்க்க வழி இருக்கிறது.

செங்கல், எம்-சாண்ட், ஜல்லி ஓடிய வண்டியை எடுத்துக்கொள்வோம். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் கம்பெனி சொன்ன பாரம் 750 கிலோ. 702 சிசி, இரண்டே சிலிண்டர். சந்து பொந்தெல்லாம் நுழைந்ததால் நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்து, யானைப் பாரத்தையே ஏற்றவும் செய்தது. சிமென்ட் மூட்டை 50 கிலோ என்றால் 15 மூட்டைதான் அதன் கணக்கு. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 250 கல். சூளையிலிருந்து வெறும் 250 கல்லோடு கிளம்பிய குட்டி யானையை நான் பார்த்ததே இல்லை. 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, அதற்கு ஒன்றேகால் டன். பொலேரோ பிக்கப் மாடலுக்கு மாடல் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எந்த வண்டியானாலும் கம்பெனி ஒரு கணக்கு போட்டிருக்கிறது, சூளைக்காரர் வேறு கணக்கு போடுகிறார். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை வண்டியின் முதுகெலும்பு சுமக்கிறது.

ஓவர்லோடு அடித்த வண்டி பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் முதலில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் எக்ஸ்ட்ரா பட்டை அடித்திருக்கிறார்கள். யூ போல்ட் மட்டும் புதுசாகப் பளபளக்கிறதா, மெயின் பட்டை சமீபத்தில் மாற்றியதா என்று பாருங்கள். எக்ஸ்ட்ரா பட்டை அடித்தால் வண்டி தாழாது, அதனால் டிரைவருக்கும் தைரியம் கூடும். ஆனால் பட்டை வளைந்து உள்வாங்க வேண்டிய அதிர்ச்சி அப்படியே சேஸுக்குப் போகிறது. பட்டையைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டை ஒட்டியும், கேபினுக்குப் பின்னால் சேஸ் வெறுமையாகத் தெரிகிற இடத்திலும் விரிசல் விழும். விரிசலுக்கு மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கருப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள். கையுறை இல்லாமல் விரலால் சேஸின் உள் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனால் வெல்டிங் மேடு தட்டுப்படும். கண்ணைவிட விரல் இதில் கெட்டி.

அடியில் படுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி இருபது அடி தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கேபினுக்கும் பின்பக்க பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் சேஸ் பின்னால் தொங்கிவிட்டது என்று அர்த்தம். பாடி கட்டியதிலேயே கோணல் என்று விற்கிறவர் சொல்லலாம். அப்படியா என்று பாடியின் அடிச்சட்டம் சேஸோடு பொருந்துகிற இடத்தைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வளைந்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும் ஆக்சில் ஹவுசிங் வளைந்திருக்கும் சந்தேகம் வர வேண்டும். டயரை மாற்றிவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்த டயர். விற்பனைக்குப் போன வாரம் மாட்டிய புது டயரைப் பார்த்தால் சந்தோஷப்படாமல், பழைய டயர் எங்கே என்று கேளுங்கள்.

செங்கல்லாவது வளைக்கும், உடைக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். மீன் லோடு அப்படியில்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகள் நம் பக்கம் விற்பனைக்கு வருவதுண்டு. விலையும் தணிவாக இருக்கும். மீனோடு ஐஸ் போடுகிறார்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் மீனின் உப்பும் கலந்து பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸின் குறுக்குச் சட்டங்களுக்குள் போய்த் தேங்குகிறது. கழுவினாலும் வெளியேதான் கழுவ முடியும். இரும்பு உள்ளிருந்து தின்னப்படும், வெளித்தோல் மட்டும் முழுசாக நிற்கும்.

கள்ளிமந்தயம் பக்கத்துத் தம்பி ஒருவருக்காக ஒரு தடவை தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. புதுப் பெயின்ட், புது சீட் கவர், கண்ணாடியில் சாமி படம். சிமென்ட் கடையில் ஓடிய வண்டி, கடைக்கும் குடோனுக்கும் மட்டும்தான் போய் வரும் என்றார் விற்றவர். தம்பி அதற்குள் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசில் வாங்கியே விட்டார் என்று தெரிந்தது. நான் பாடியில் ஏறி நின்று பலகையைப் பார்த்தேன். சிமென்ட் ஓடிய வண்டியின் பலகை இடுக்குகளில் சாம்பல் தூள் கெட்டிப்பட்டுப் போயிருக்கும், கத்தியால் கீறினால்தான் வரும். இதில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. பின் ஓரத்தில் ஒரே இடைவெளியில் ஓட்டை போட்டு, பிறகு அடைத்த தடம் இருந்தது. தண்ணீர் வடிவதற்குப் போட்ட ஓட்டை. நாலு மூலையிலும் பெட்டி ஒன்றை இறுக்கிவைத்த போல்ட் தடமும் இருந்தது.

கீழே இறங்கிப் படுத்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கருப்புப் பெயின்ட், இன்னும் கையில் ஒட்டியது. என் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். கேபின் பக்கமிருந்து தட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். பின் ஆக்சிலுக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது, அட்டையைத் தட்டினது மாதிரி தொப்பென்று விழுந்தது. ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பெயின்ட்டோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது செதில் செதிலாகத் துரு கொட்டியது. பக்கத்தில் பிரேக் பைப் போகிறது, அதன் மேலும் கருப்பு பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பைப்பின் தோலே உரிந்து வந்தது. தம்பியைக் கீழே படுக்கச் சொல்லி அந்தப் பைப்பைக் காட்டினேன். லோடோடு கொடைக்கானல் மலையில் இறங்கும்போது முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால் அந்த பைப் தாங்குமா என்று அவரையே கேட்டேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "போலாம்ணே" என்றார். வழியில் கோவில்பட்டி வரும்வரை எதுவும் பேசவில்லை. ஆசைப்பட்ட வண்டியை விட்டுவிட்டு வருவது லேசான காரியமில்லை. அப்படி விட்டு வரத் தெரிந்தவருக்குத்தான் நான் தைரியமாக அடுத்த வண்டி தேடுவேன்.

பதிவு எண்ணை வைத்தே எல்லா வண்டியையும் ஒதுக்கிவிடக் கூடாது. டி.என். 69 என்று தூத்துக்குடி நம்பர் போட்டதெல்லாம் மீன் வண்டியும் இல்லை, டி.என். 57 என்று நம் திண்டுக்கல் நம்பர் போட்டதெல்லாம் காய்கறி வண்டியும் இல்லை. கறிக்கோழி ஓடியதா என்றும் பார்க்க வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் பண்ணைகளிலிருந்து ராத்திரியில் கூண்டு அடுக்கிக் கிளம்புகிற வண்டிகளில் எச்சம் வடிந்து பாடித் தகட்டை அரிக்கும். பால் கேன் ஓடிய வண்டியில் சிந்திய பால் புளித்துத் தரைத் தகட்டைத் தின்னும். ஆனால் பால் வண்டியை நான் அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க மாட்டேன். மீட்டரில் ஓட்டம் அதிகமாகத்தான் காட்டும். வருஷம் முழுக்க லீவே இல்லாமல் காலையும் மாலையும் ஓடுவதால் வண்டி சும்மா நின்று கெட்டிருக்காது, சர்வீஸும் நேரத்துக்கு நடந்திருக்கும், ஏனென்றால் ஒரு வேளை நின்றால் பால் கெட்டுவிடும். கிராமத்துக்குக் கிராமம் நின்று நின்று கிளம்புவதால் கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார், கதவுக் கீல் மூன்றும் தேய்ந்திருக்கும். மூன்றும் மாற்றக்கூடியவை. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது முட்டை வண்டி. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் தொழில் பழகின காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறேன். முட்டை ஏற்றினால் டிரைவர் தானாகவே பள்ளம் பார்த்து ஓட்டுவார், வேகத்தடையில் ஏறி இறங்குவதும் பூப்போல இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது அல்லவா. பட்டையும் ஸ்டியரிங்கும் கெடாமல் இருக்கும். சொந்தமாக ஓட்டிய ஒரே ஓனரின் முட்டை வண்டி கிடைத்தால் பத்தாயிரம் கூடப் போனாலும் யோசிக்காதீர்கள் என்று சொல்வேன்.

மலை வண்டி தனி ரகம். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி இறங்குகிற வண்டிகளில் ஏறும்போது கிளட்ச் போகும், இறங்கும்போது பிரேக் போகும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டி இறங்குகிற கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சூடேறி நீலம் பாய்ந்து முடிமுடியாக விரிசல் விட்டிருக்கும். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு ஒன்று இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற வால்வு அது. பாதி வண்டிகளில் அந்தக் கம்பியை ஒயர் போட்டுக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். கட்டிவிட்டால் காலி வண்டி மழையில் பின்பக்கம் வாரிக்கொண்டு போகும். விலையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, வாங்கினால் அன்றைக்கே சரிபண்ண வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்ஜினுக்கு வருவோம். வண்டி பார்க்க வருவதாகப் போனில் சொல்லும்போதே ஒரு நிபந்தனை போடுவேன்: நாங்கள் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. போனதும் முதல் வேலை இன்ஜின் மேல் கை வைப்பது. பொலேரோ என்றால் பானட்டைத் திறக்க வேண்டும், குட்டி யானைக்கும் தோஸ்துக்கும் சீட்டைத் தூக்க வேண்டும். கதகதப்பாக இருந்தால் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன், எவ்வளவு நேரமானாலும் ஆறட்டும் என்று. சூடான இன்ஜின் எல்லாக் குற்றத்தையும் மறைக்கும். ஆறின இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் லைட், பேட்டரி லைட், இன்ஜின் லைட் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளில் இன்ஜின் லைட் எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், யாரோ பல்பை எடுத்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் பிஎஸ்4 நாடு முழுக்கக் கட்டாயமாயிற்று, 2020 ஏப்ரலில் பிஎஸ்6. அதற்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. இன்ஜெக்டரும் டீசல் பம்பும் சென்சாரும் போனால் வருகிற பில், பழைய மெக்கானிக்கல் பம்பு காலத்து பில் அல்ல.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மூடி குதித்துக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ ஹெட் கேஸ்கட் வேலையில் ஆரம்பித்து எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

குட்டி யானையின் இரண்டு சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே ஆடும். இதைச் சாக்காக வைத்து, "டபுள் சிலிண்டர், அப்படித்தான் ஆடும்" என்று ஒரு சிலிண்டர் செத்த வண்டியையும் தள்ளிவிடுவார்கள். பழைய மாடலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாக லேசாகத் தளர்த்திப் பார்ப்பேன். தளர்த்தும்போது இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் அந்த சிலிண்டர் முன்பிருந்தே வேலை செய்யவில்லை. காமன் ரெயில் வண்டியில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அதில் டீசல் 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கிறது, தோலைக் கிழித்து உள்ளே போகும்.

இதற்கெல்லாம் மேலே நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. பிக்கப்பைக் காலியாக ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். லோடு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லோடுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 200 லிட்டர் டிரம் மூன்றை ஏற்றி, தண்ணீர் நிரப்பி வாயை இறுக்கி மூடினால் 600 கிலோ ஆகிவிட்டது. எந்தத் தோட்டத்துக் கிணற்றடியிலும் இது கிடைக்கும். பெரிய வண்டிக்கு இன்னும் இரண்டு டிரம். பிறகு ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் ஏற்றுங்கள். இன்ஜின் சத்தம் கூடி வண்டி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், இறக்கத்தில் காலை எடுத்ததும் வேறு மாதிரியும் பின்னாலிருந்து ஊளையிட்டால் கிரவுன் சத்தம். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் டக்கென்று இடித்தால் யு.ஜே. கிராஸ், நாற்பது ஐம்பதில் தரை அதிர்ந்தால் சென்டர் பேரிங். இறக்கத்தில் கியரிலேயே விட்டு, காலை எடுத்துப் பாருங்கள், கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. காலி ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். திரும்பி வந்து நிறுத்தியதும் ரேடியேட்டர் சூட்டையும் நாலு வீல் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அதில் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. லோடு போட்டுக் காட்ட மாட்டேன் என்கிற ஓனரிடம் நான் வாங்கச் சொல்வதில்லை. அவருக்கு அவருடைய வண்டியைத் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சில மாதம் கழித்து அந்த வண்டிகள் வெளியூர்ச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுத்தம் பண்ணுகிறவர்கள் எல்லாவற்றையும் துடைப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கிற பெல்ட்டின் கடைசி முழம் மட்டும் வண்டல் நிறத்தில் இருக்கும். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க்கோடு, ஃபியூஸ் பாக்ஸ் முனைகளில் பச்சைக் களிம்பு, இதெல்லாம் இருந்தால் ஒயரிங் வேலை முடிவே இல்லாமல் இழுக்கும்.

வண்டி தேறிவிட்டது என்றால் பேப்பர். ஆர்.சி.யில் இருக்கிற சேஸ் நம்பர் 17 எழுத்து. டாடா என்றால் எம்.ஏ.டி., மஹிந்திரா என்றால் எம்.ஏ.1, லேலண்ட் என்றால் எம்.பி.1 என்று தொடங்கும். சேஸில் அடித்திருக்கிற இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் போட்ட கீறல் தெரிந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள், திருட்டு வண்டியாகவோ இரண்டு வண்டியை ஒட்டியதாகவோ இருக்கலாம். இன்ஜின் மாற்றியிருந்தால் அந்த நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், வரி, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எட்டு வருஷம் வரைக்கும் எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது விற்பனைக்கு வருகிற வண்டி என்றால், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஆகும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஒன்று அவரையே எஃப்.சி. எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லை விலையில் கழியுங்கள். இ-செலானையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அந்த பாக்கி யார் தலையில் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். அதோடு, ஓவர்லோடு செலான் இருந்தால் என்ன லோடு ஓடின வண்டி என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

ஃபைனான்ஸ் முடிந்த வண்டிக்கு ஃபாரம் 35ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் கையில் வர வேண்டும். "முடிஞ்சிருச்சு, லெட்டர் அப்புறம் வரும்" என்றால் பணமும் அப்புறம் வரும் என்று சொல்லுங்கள். கேரள நம்பர், கர்நாடக நம்பர் வண்டி விலை மலிவாகத் தெரியும். ஃபாரம் 28இல் அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுக்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்கி முடிக்கிறபோது மலிவு எங்கே போனது என்று தெரியாது. கேரளாவின் மழையில் ஓடியது என்பதால் துருவையும் இன்னொரு முறை பாருங்கள்.

நம் பக்கம் பழைய வண்டி வியாபாரத்தில் ஊறிப்போன ஒரு பழக்கம், பேர் மாற்றுவதற்கான ஃபாரம் 29லும் 30லும் ஓனரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வெற்றுத் தாளாகவே கை மாற்றுவது. பேர் மாற்றாமல் இரண்டு மூன்று கை தாண்டிவிடும். நடுவில் ஓனர் இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்து செல்லாது. வாரிசுகளைத் தேடிப் பிடித்து ஃபாரம் 31 வழியாக வர வேண்டும். விற்றவருக்கும் இது ஆபத்து. பேர் மாற்றாத வண்டி விபத்தில் மாட்டினால் ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற மனுப் போட வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும், கட்டிவிடுங்கள்.

டிரைவராக இருந்து ஓனராகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது லைசென்ஸும் பெர்மிட்டும். 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. லோடோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. உங்கள் வண்டியின் மொத்த எடை எவ்வளவு என்பது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. புரோக்கர் சொல்வதைக் கேட்காமல் அதைப் பாருங்கள்.

விலை பேசும்போது ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். கையில் இருப்பது நாலு லட்சம் என்றால் மூன்றேமுக்காலுக்கு மேல் வண்டி பார்க்க வேண்டாம். எவ்வளவு நல்ல வண்டியானாலும் வாங்கின வாரத்திலேயே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் மூன்றையும் வடித்துப் புதுசாக ஊற்ற வேண்டும். டீசல் ஃபில்ட்டர், ஏர் ஃபில்ட்டர், பெல்ட் மாற்ற வேண்டும். நாலு வீலையும் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, பிரேக் லைனிங் பார்த்து, பிரேக் ஆயிலைப் புதுசாக மாற்ற வேண்டும். வடிக்கிற கிரவுன் ஆயிலை ஒரு தட்டில் பிடித்துக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் எடுக்கிற அளவு துண்டாக வந்தால் முதல் லோடுக்கு முன்னாலேயே கிரவுனைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும், நடு ராத்திரியில் பாலக்காடு ரோட்டில் தக்காளியோடு நிற்பதைவிட அந்தச் செலவு குறைவு.